மாலைக்கு முன்னால் சவர்க்காரத் தண்ணி

கொஞ்ச நாளைக்கு ஒருக்கா எங்கட பேஸ்புக்கில் இப்படி ஒரு வீடியோ வரும். ஒரு பொடியன் நிற்பான். அவனுக்குப் பின்னால் இரும்புப் பைப்பும் தகரமும் வைத்து ஒட்டின ஒரு சாமான். விமானம் என்பார்கள், இல்லாட்டி ஹெலிகொப்டர் என்பார்கள். பழைய கார் எஞ்சினோ மோட்டார் சைக்கிள் எஞ்சினோ பூட்டியிருக்கும். விசிறி சுற்றும், புழுதி கிளம்பும், சுற்றி நிற்கிற சின்னப் பிள்ளைகள் கத்துவார்கள். கீழே கொமென்ட் கொட்டும். "மாஷா அல்லாஹ்." "எதிர்கால விஞ்ஞானி." "வெள்ளைக்காரன் என்றால் தூக்கி வைத்திருப்பான், நம்மட அரசாங்கத்துக்குக் கண் இல்லை."

நானும் ஷெயார் பண்ணியிருக்கிறேன். ஒன்றல்ல, நாலைந்து. அந்தப் பொடியனைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கேள்வியை நானும் கேட்டதில்லை, ஆயிரம் கொமென்டில் ஒருத்தரும் கேட்டதில்லை. அவனுடைய முதுகுக்குப் பின்னால் ஒரு பெற்றோல் தாங்கி இருக்கிறதே, அது ஒழுகுதா இல்லையா என்று யார் பார்த்தது? எப்படிப் பார்த்தது? எங்கே எழுதி வைத்திருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டால் "குறை பிடிக்கிறான்" என்பார்கள். பரவாயில்லை. நம்மட கைதட்டல் ஆளைக் கொல்லுது என்று நான் நினைக்கிறேன். அதைப் பச்சையாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2021 ஆகஸ்ட் மாதம். இந்தியாவில் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் ஒரு கிராமம். 24 வயது வெல்டர் ஒருத்தர், பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர், யூடியூப் பார்த்துப் படித்து, ஒரு ஆள் இருக்கக்கூடிய ஹெலிகொப்டர் ஒன்றைத் தன் கையாலேயே செய்தார். அதற்கு "முன்னா ஹெலிகொப்டர்" என்று பெயரும் வைத்தார். ஒரு இரவு நிலத்தில் நிறுத்தி எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். வால் பக்க விசிறி உடைந்து பறந்து மேலே சுற்றின பெரிய விசிறியில் அடித்தது. பெரிய விசிறி அவருடைய தலையில் அடித்தது. ஆள் முடிந்தார். சாமான் நிலத்தை விட்டு ஒரு சாண்கூட எழும்பவில்லை.

அந்த வீடியோவையும் நம்ம ஆட்கள் ஷெயார் பண்ணினார்கள். அழுகிற எமோஜியோடு. முதல் நாள் மாலை போட்ட அதே கை, அடுத்த நாள் இன்னாலில்லாஹி எழுதியது. நடுவில் செய்ய வேண்டியிருந்த வேலை ஒன்று இருந்தது, அதைச் செய்ய யாரும் இருக்கவில்லை. அங்கே போனது தாங்கி அல்ல, விசிறி. ஆனால் நோய் ஒன்றுதான். செய்து முடித்த சாமானைப் பார்த்து வாய் பிளக்கிறோம். சோதித்துப் பார்த்த சாமானா என்று கேட்கப் பழகவில்லை.

இனி நம்ம கரைக்கு வருவோம். கல்முனையில் விமானம் செய்கிறவன் யாரும் இல்லையே, உனக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். சொல்றன்.

என் பெரிய மாமா கடலுக்குப் போகிறவர். பைபர் வள்ளம், மண்ணெண்ணெயில் ஓடுகிற அவுட்போர்ட் எஞ்சின். கொஞ்ச வருசத்துக்கு முன்னால் கூடுதல் எண்ணெய் கொண்டு போக வேண்டும் என்று ஒரு வேலைத்தளத்தில் தகரத்தில் தாங்கி ஒன்று ஒட்டுவித்தார். ஒட்டினவர் கெட்டிக்காரர்தான். கையில் தொழில் இருந்தது. "ஒழுகாதா?" என்று மாமா கேட்டதற்கு, "தண்ணி ஊத்திப் பாத்த தானே, ஒண்டும் ஒழுகல்ல" என்றார். மாமாவுக்கும் அது போதுமாக இருந்தது. கடலில் இரண்டு மணித்தியாலம் போன பிறகுதான் காலுக்குக் கீழே எண்ணெய் வாடை. தாங்கியின் மூலையில் மயிரளவு வெடிப்பு. எண்ணெய் முக்கால்வாசி வள்ளத்தின் அடித்தண்ணியோடு கலந்துபோச்சு. அந்த இரவு முழுக்க வள்ளம் இழுபட்டுக்கொண்டே கிடந்தது. விடியக் காலை வேறொரு வள்ளக்காரர் கண்டு கட்டி இழுத்து வந்தார். மாமி அந்த இரவு எப்படி இருந்தார் என்று நான் எழுதத் தேவையில்லை. கடற்கரை ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

வந்த பிறகு மாமா சொன்னது ஒரே வசனம்: "நசீபு நல்லா இரிந்திச்சி மகன்."

மாமா, நசீபு நல்லா இருந்தது சரி. தாங்கி நல்லா இருக்கல்லையே.

இதில் கவனிக்க வேண்டியது, ஒட்டினவர் சோதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. சோதித்தார். தண்ணியை ஊற்றிச் சோதித்தார். தண்ணி நுழையாத வெடிப்பில் மண்ணெண்ணெய் நுழையும், பெற்றோல் இன்னும் லேசாக நுழையும். தண்ணிக்கு மேற்பரப்பு இழுவை கூட. சின்ன ஓட்டையில் அது துளியாகத் திரண்டு நின்றுவிடும். எண்ணெய் அப்படி நிற்காது, ஊர்ந்து போகும். இதனால்தான் பெரிய எண்ணெய்த் தாங்கிகள் ஒட்டுகிறவர்களிடம் ஒரு பழைய முறை இருக்கிறது. ஒட்டின தையலின் வெளிப்பக்கம் சுண்ணாம்போ சோக் தூளோ கரைத்துப் பூசிக் காயவிடுவார்கள். உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவுவார்கள். கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால், வெடிப்பு இருக்கிற இடத்தில் வெள்ளைப் பூச்சில் கறுப்பாக ஈரக் கோடு விழும். செலவு என்ன? வகுப்பறையில் மிதிபட்டுக் கிடக்கிற சோக்கட்டியும் ஒரு கோப்பை மண்ணெண்ணெயும். அந்த வேலைத்தளத்தில் இரண்டும் இருந்தது. முறைதான் இருக்கவில்லை.

வள்ளத்தில் எண்ணெய் போனால் ஒரு இரவு கடலில் கிடக்கலாம். ஆகாயத்தில் கிடக்க முடியாது. அதனால்தான் தாங்களே விமானம் செய்கிற ஆட்கள் இந்தக் கசிவு விசயத்தில் பைத்தியம் பிடித்த மாதிரி இருப்பார்கள். ஆமாம், உலகத்தில் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள், ஒன்றிரண்டு பேர் அல்ல. அமெரிக்காவில் 1953இல் மில்வோக்கியில் சிலர் சேர்ந்து இதற்கென்றே சங்கம் ஒன்று தொடங்கினார்கள். இன்று அந்த நாட்டில் வீட்டுக் கராஜில் செய்த விமானங்கள் பல்லாயிரம் பதிவில் இருக்கின்றன. அவர்கள் ஒரு தாங்கியை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று நான் வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அதில் நம்ம ஊரில் இல்லாத ஒரு சாமானும் இல்லை.

அலுமினியத் தாங்கி என்றால் மெல்லிய தகட்டை ஆணியடித்து, ஒவ்வொரு மூட்டிலும் எண்ணெய்க்குக் கரையாத பசை பூசுவார்கள். பசை நன்றாக இறுகும்வரை நாட்கணக்கில் தொடாமல் விடுவார்கள். பிறகு எண்ணெய் வெளியே போகிற வாயை அடைப்பார்கள். ஊற்றுகிற மூடியை இறுக்குவார்கள். மூச்சுக்குழாயில் ஒரு பலூனை மாட்டுவார்கள், பிறந்தநாளுக்கு ஊதுகிற அதே பலூன். இன்னொரு துவாரத்தால் சைக்கிள் பம்பினால் மெதுவாகக் காற்று. பலூன் புடைத்து நிற்கும். பிறகு சவர்க்காரத் தண்ணியைத் தூரிகையில் தொட்டு ஒவ்வொரு ஆணியிலும் ஒவ்வொரு மூட்டிலும் தடவுவார்கள். நுரை ஊதினால் அங்கே ஓட்டை. அடையாளம் போடுவார்கள், திருத்துவார்கள், திரும்பவும் முதலில் இருந்து. இரவு முழுக்க விட்டுக் காலையில் பார்ப்பார்கள். பலூன் சுருங்கியிருந்தால் மூடியில் இருந்து தேடத் தொடங்குவார்கள். பலருக்கு ஒழுகுவது தாங்கி அல்ல, மூடியின் ரப்பர்தான்.

சவர்க்காரத் தண்ணி. இதைப் பெரிய விஞ்ஞானம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2021 கடைசியில் நாடு முழுக்கக் கேஸ் வெடித்தது ஞாபகம் இருக்கா? அந்த மாதங்களில் நம்ம உம்மாமார் என்ன செய்தார்கள்? சவர்க்கார நுரையை எடுத்து ரெகுலேட்டரிலும் குழாயிலும் தடவி, முட்டை ஊதுதா என்று குனிந்து பார்த்தார்கள். ஊதினால் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. பஞ்சர் ஒட்டுகிற கடையில் நிற்கிற பத்து வயதுப் பொடியன் என்ன செய்கிறான்? காற்றடித்த டியூபைத் தண்ணிச் சட்டியில் அமுக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான். குசினியிலும் சைக்கிள் கடையிலும் இருக்கிற இந்த அறிவு, "இளம் விஞ்ஞானி" என்று பட்டம் கட்டினவுடன் எங்கே போய் ஒளிகிறது?

நான் சொல்றன் எங்கே போகுது என்று. கெமரா வந்தவுடன் போகுது. நுரை தடவுகிறது வீடியோவுக்கு எடுபடாது. விசிறி சுற்றினால்தான் எடுபடும்.

அடுத்த விசயம் இன்னும் முக்கியம். சோதனை செய்வதற்கும் சோதனை என்ற பெயரில் விளையாடுவதற்கும் வித்தியாசம் இருக்கு. தாங்கிக்குக் காற்று அடிக்க வேண்டும் என்றவுடன் நம்ம ஆட்கள் டயர்க்கடை கொம்பிரசரைத்தான் நினைப்பார்கள். வேண்டாம். விமானத் தாங்கியைச் சோதிக்கிற அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ அளவுதான், அதற்கு மேல் இல்லை. ஒரு பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 70 கிராம். சின்னதாகத் தெரியும். கணக்குப் போடுங்கள். 60 சென்ரிமீற்றர் நீளம், 40 சென்ரிமீற்றர் அகலமான ஒரு தகட்டின் பரப்பு 2400 சதுர சென்ரிமீற்றர். ஒரு பிஎஸ்ஐயில் அதன்மேல் விழுகிற விசை கிட்டத்தட்ட 170 கிலோ. மூன்று மூட்டைச் சீமெந்துக்கும் மேல். மோட்டார் சைக்கிள் டயருக்கு அடிக்கிற 30 பிஎஸ்ஐயை அதே தகட்டுக்குக் கொடுத்தால் 5000 கிலோ. மெல்லிய தகடு என்னத்தைத் தாங்கும்? மூட்டுப் பிரியும், இல்லாட்டி பக்கத்தில் நிற்கிறவனின் முகத்தில் வெடிக்கும். நல்ல தாங்கியைச் சோதிக்கப் போய்க் கெடுத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ஒரு பிஎஸ்ஐயை அளக்க மீற்றர் வாங்கத் தேவையில்லை. நம்ம மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணிக் குழாய் இருக்கே, கண்ணாடி மாதிரி ஊடு தெரிகிற டியூப், அது போதும். அதை 'ப' எழுத்தைத் தலைகீழாக வைத்த மாதிரி இல்லை, நிமிர்ந்த 'ப' மாதிரியே வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணி விடுங்கள். ஒரு முனையைத் தாங்கியோடு சேருங்கள், மற்ற முனை திறந்து கிடக்கட்டும். காற்று ஏற ஏற ஒரு பக்கம் தண்ணி இறங்கும், மற்றப் பக்கம் ஏறும். இரண்டு மட்டத்துக்கும் இடையில் 70 சென்ரிமீற்றர் வந்தால் அதுதான் ஒரு பிஎஸ்ஐ. குழாயை அளவாக வெட்டி வைத்தால் இன்னொரு லாபம்: அழுத்தம் கூடிப்போனால் தண்ணி வெளியே கொட்டும், தாங்கி தப்பும்.

இதிலும் ஏமாறலாம். பின்னேரம் வெயிலில் காற்றடைத்துவிட்டு விடியக் காலையில் வந்து பார்த்தால் தண்ணி மட்டம் இறங்கியிருக்கும். "ஐயோ ஓட்டை" என்று பயப்படுவீர்கள். அடைபட்ட காற்று ஒரு பாகை குளிர்ந்தால் அழுத்தம் மூன்றரைச் சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேல் குறையும். இரவில் ஐந்து பாகை குறைந்தால், ஓட்டையே இல்லாமல் 17, 18 சென்ரிமீற்றர் இறங்கிவிடும். ஆகவே வெப்பத்தையும் நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும். ஒரே நேரம், ஒரே வெப்பத்தில் ஒப்பிட வேண்டும். ஓட்டை இருக்கென்று சொல்வதற்கும் இல்லையென்று சொல்வதற்கும் கையில் கொப்பி இருக்க வேண்டும். கொப்பி இல்லாத சோதனை பேச்சுத்தான்.

ஒரு எச்சரிக்கை. இது எல்லாம் புதுத் தாங்கிக்கு. ஏற்கெனவே பெற்றோல் இருந்த தாங்கியை ஒட்டக் கொண்டு போகிறீர்கள் என்றால், "அதுதான் வெறும் தாங்கி ஆச்சே" என்று நெருப்பைக் கிட்டக் கொண்டு போக வேண்டாம். நிறைந்த தாங்கியை விட வெறும் தாங்கிதான் பொல்லாதது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெற்றோல் ஆவி இருந்தாலே வெடிக்கப் போதும். அந்த ஆவி காற்றை விடப் பாரம், மூலையில் போய்க் குந்திக்கொண்டு இருக்கும், கழுவினாலும் லேசில் போகாது. இன்னொன்று, வள்ளம் செய்கிற சாதாரண பொலியெஸ்டர் ரெசினால் பெற்றோல் தாங்கி செய்யலாம் என்றும் நினைக்க வேண்டாம். எதனோல் கலந்த பெற்றோல் வந்தபோது அமெரிக்காவில் பழைய படகுகளின் பைபர் தாங்கிகள் உள்ளுக்குள் இளகி எஞ்சினைக் கெடுத்தன. வள்ளம் தண்ணியைத் தாங்கும் என்பதால் தாங்கி பெற்றோலைத் தாங்கும் என்று ஆகாது.

தாங்கி ஒழுகவில்லை என்றால் முடிந்ததா? அதுவும் இல்லை. எண்ணெய் தாங்கியில் இருந்து எஞ்சினுக்குப் போய்ச் சேர வேண்டும். விமானம் மூக்கைத் தூக்கி ஏறும்போது எஞ்சின் எவ்வளவு குடிக்குமோ, தன் பாரத்தில் எண்ணெய் இறங்குகிற அமைப்பு அதைப்போல ஒன்றரை மடங்கு கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் விதி. அதை நிலத்திலேயே மூக்கை உயர்த்தி வைத்து, வாளியில் பிடித்து, நேரம் பார்த்து அளக்கிறார்கள். மூச்சுக்குழாயில் குளவி கூடு கட்டினால்கூட எஞ்சின் நின்றுவிடும்.

பெயர் பெற்ற ஒரு மரணம் இந்த இடத்தில்தான் நடந்தது. ஜோன் டென்வர், அமெரிக்கப் பாடகர். 1997 ஒக்டோபர் 12, கலிபோர்னியாவின் மொன்டரே விரிகுடாவில், வேறொருவர் வீட்டில் செய்து விற்ற லோங் ஈசீ விமானத்தில் விழுந்து இறந்தார். விசாரணையில் வந்தது என்ன? இரண்டு தாங்கிகளையும் மாற்றுகிற பிடியை, செய்தவர் வரைபடத்தில் இருந்த இடத்தில் வைக்காமல், ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எட்டித் திருப்ப வேண்டும். அதில் எந்தப் பக்கம் எது என்ற அடையாளமும் இல்லை. புறப்பட முன் எண்ணெய்க் கணக்கும் சரியாகப் பார்க்கப்படவில்லை. எட்டித் திருப்பப் போன நேரத்தில் விமானம் கையை விட்டுப் போனது. பணமோ கல்வியோ இல்லாததால் வந்த சாவு இல்லை அது. யாரோ ஒருத்தர் நிலத்தில் வைத்து "இதை உட்கார்ந்துகொண்டே திருப்பிக் காட்டு பார்ப்பம்" என்று கேட்டிருந்தால் போதும்.

2012இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை வீட்டில் செய்த விமான விபத்துகளை ஆராய்ந்துவிட்டு, பறக்க அனுமதி கொடுக்க முன் எரிபொருள் அமைப்பைச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள் என்று பரிந்துரைத்ததும் இதனால்தான்.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். எனக்குத் தெரியும் என்ன வரும் என்று.

முதலாவது: "ஏழைப் பொடியன், அவனிட்ட எங்க வசதி?" நான் மேலே சொன்ன சாமான்களைக் கூட்டிப் பாருங்கள். சவர்க்காரம், பலூன், சைக்கிள் பம்ப், மேசன் குழாய், சோக்கட்டி, கொப்பி. இதற்குள் எது பணக்காரச் சாமான்? ஏழை என்பதால் அவனிடம் சோதனையை எதிர்பார்க்கக் கூடாது என்று சொல்றது இரக்கம் மாதிரித் தெரியும். உண்மையில் அவனுடைய உயிருக்குக் குறைந்த விலை போடுகிற வேலை அது.

இரண்டாவது: "குறை சொன்னா அவன்ட மனம் உடையும்." மனம் உடைந்தால் ஒட்டலாம்.

மூன்றாவது எதிர்ப்பக்கத்தில் இருந்து வரும்: "இதெல்லாம் ஆபத்து, பொலிஸ் பிடிச்சி நிப்பாட்டணும்." 2019இல் பாகிஸ்தானில் அதுதான் நடந்தது. பஞ்சாப் மாகாணத்தில் பொப்கோர்ன் விற்ற ஒருத்தர் ரிக்ஷாச் சக்கரமும் சாக்குத் துணியும் வைத்து விமானம் ஒன்று செய்தார். பொலிஸ் பிடித்தது, நீதிமன்றம் 3000 ரூபா தண்டம் போட்டது. பிறகு நாடே அவரை வீரராக்கியது. முதலில் விலங்கு, பிறகு மாலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பொறியியலாளர் போய் உட்கார்ந்து "தாங்கியைக் காட்டுங்க" என்று கேட்டாரா என்பதுதான் என் கவலை. தடை போட்டால் பொடியன் செய்யாமல் விடமாட்டான், இரவில் ஒளித்துச் செய்வான். ஒளித்துச் செய்கிற இடத்தில் இரண்டாவது கண் இருக்காது.

வழி இல்லாமல் இல்லை. மும்பையில் கெப்டன் அமோல் யாதவ் மொட்டை மாடியில் ஆறு பேர் இருக்கக்கூடிய விமானம் ஒன்றைச் செய்தார். 2016இல் கண்காட்சியில் வைத்தார். 2017இல்தான் பதிவு கிடைத்தது. வருசக்கணக்காக அலுவலகப் படி ஏறி இறங்கினார். அவர் ஒரு விமானி, தாக்குப் பிடித்தார். வெல்டர் பொடியனால் முடியுமா? முடியாது. ஆகவே சட்டம் கதவை மூடவும் கூடாது, திறந்து போட்டுவிட்டு நித்திரை கொள்ளவும் கூடாது. அமெரிக்கச் சங்கத்தில் அனுபவசாலிகள் சம்பளம் இல்லாமல் புதியவனின் கராஜுக்குப் போகிறார்கள். மூடுவதற்கு முன் திறந்து காட்டு என்கிறார்கள். தப்பைக் காட்டுகிறார்கள். நம்மிடம் இல்லாதது அந்த ஆள்தான்.

நம்ம நாட்டில் இப்படி ஒரு மனிதர் இருந்தார், நமக்குத்தான் தெரியாது. ரே விஜேவர்தன. கேம்பிரிட்ஜில் படித்த பொறியியலாளர், மெக்சிகோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்மரப் படகு ஓட்டியவர், மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராக இருந்தவர், 2010இல் காலமானார். சின்ன விமானங்களைத் தானே வடிவமைத்து, தானே செய்து, தானே ஓட்டினார். எனக்கு அவரில் பிடித்தது வேறொன்று. இளம் வயதில் இரண்டு சக்கர உழவு இயந்திரம் ஒன்றை உருவாக்கிப் பெயர் வாங்கினார். வேறு யாரும் என்றால் அந்த மாலையோடு வாழ்ந்து முடித்திருப்பார்கள். அவர் பிறகு அதையே சந்தேகித்தார். நான் எருமையைத்தான் இயந்திரமாக்கினேன், விவசாயத்தை முன்னேற்றவில்லை என்ற மாதிரி வெளிப்படையாகப் பேசினார், மண்ணைக் காக்கிற விவசாயத்தின் பக்கம் போனார். தன் கண்டுபிடிப்பின் மேலேயே சவர்க்காரத் தண்ணி தடவிப் பார்த்த மனிதர். நம்ம பாடசாலைக் கண்காட்சிகளில் இந்தப் பெயரை ஒருநாளும் நான் கேட்டதில்லை.

நாம் கேட்கிற பெயர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ். ஒன்பதாம் நூற்றாண்டில் கொர்தோபாவில் பறந்த முதல் மனிதன் என்று மீலாத் மேடையில் இருந்து வட்ஸ்அப் வரை மார்தட்டுகிறோம். அந்தக் கதையை நமக்கு விட்டுப்போனவர் அல்மக்கரி, எழுதியது பல நூறு வருசத்துக்குப் பிறகு. அதே கதையிலேயே மற்றப் பாதியும் இருக்கு: இறங்கும்போது விழுந்து முதுகில் அடிபட்டது, பறவை இறங்குவது வாலால் என்பதை அவர் கவனிக்கவில்லை என்று. பறந்ததைப் பாடமாக்கினோம். வாலை மறந்தோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, கட்டாத ஒட்டகத்துக்கு எல்லாம் நசீபு என்று பெயர் வைக்கிறோம்.

சரி, என்ன செய்யலாம்? ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கு, அதில் பொறியியல் பீடமும் இருக்கு. கரையில் வள்ளம் திருத்துகிற, எஞ்சின் பிரிக்கிற, வெல்டிங் பிடிக்கிற நூறு கைகள் இருக்கு. இந்த இரண்டு பக்கமும் மாதத்தில் ஒரு நாள் ஒரு கொட்டிலில் சந்தித்தால் என்ன? யார் வேண்டுமானாலும் தாங்கியைக் கொண்டு வரலாம், வள்ளத் தாங்கியோ ஜெனரேட்டர் தாங்கியோ. காற்றடிப்போம், நுரை தடவுவோம், கொப்பியில் எழுதுவோம். நாளைக்கு ஒருத்தன் விமானம் செய்ய எழும்பினால் அவனுக்குப் போக ஒரு இடம் இருக்கும். பாடசாலைக் கண்காட்சியில் பிரதம அதிதி ரிபன் வெட்டுவதற்கு முன், ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: "இது எத்தனை தடவை பிழைத்தது? எழுதி வைத்திருக்கிறீங்களா?" பிழைத்த கொப்பிக்குப் புள்ளி கொடுங்கள். ஒருமுறைகூடப் பிழைக்காத சாமானைச் சந்தேகியுங்கள்.

மாமா இப்போதும் கடலுக்குப் போகிறார். புதுத் தாங்கி ஒன்று ஒட்டுவித்தபோது நானும் கூடப் போனேன். சோக் கரைத்துப் பூசினேன். ஒட்டினவர் சிரித்தார். "என்ன மகன், சுவருக்கா வெள்ளையடிக்கிறீங்க?" என்றார். உள்ளே மண்ணெண்ணெய் தடவி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தோம். ஒரு மூலையில் விரல் நீளத்துக்குக் கறுத்த கோடு. அவர் சிரிப்பை நிறுத்தினார். ஒன்றும் பேசாமல் டோர்ச்சை எடுத்தார். நான் கையைப் பிடித்து, முதலில் எண்ணெயைக் கழுவிக் காயவிடுங்க என்றேன். அடுத்த கிழமை வேறொருவரின் தாங்கிக்கு அவரே சோக் கரைத்துக்கொண்டு இருந்ததாக மாமா சொன்னார்.

அடுத்த முறை அந்த வீடியோ வரும். வரும், நிச்சயம். கைதட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "மாஷா அல்லாஹ்" என்று எழுதுங்கள், அவனுக்கு அது உரியது. எழுதிவிட்டு அதே கொமென்டில் இன்னும் இரண்டு சொல் சேருங்கள்:

"லீக் பாத்தாச்சா?"